ஏழு மச்சான்கள்

எங்கள் ஊர் மொந்தால்வாவில் ஒரு ராணி ஓர் இரவு தூங்கியிருக்கிறாள். அதைக் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். மறுநாள் காலை அவள் மாட்ரிட் கிளம்பிப் போனதைக் கல் சொல்லாது. ஆனால் அவள் தொடங்கிவைத்த பழக்கத்தை ஊர் இன்றுவரை விடவில்லை. விடிவதற்குள் முதுகெலும்பு நேராக உள்ள எல்லோரும் ரயிலேறிவிடுவார்கள். பகலில் ஊரில் மிஞ்சுவது கோட்டைவாசல், மணிக்கூண்டு, எண்பது வயதுக்காரர்கள். மணிக்கூண்டு நாரைகள்கூட குளிர்காலத்தில் ஆப்பிரிக்கா போவதை விட்டுவிட்டன. தினமும் காலையில் மாட்ரிட் பக்கத்துக் குப்பைமேட்டுக்குப் போய் மாலையில் திரும்புகின்றன.

ஆகவே மொந்தால்வாவில் வாரநாளில் சாவது யோசனையில்லாத காரியம். என் அப்பா அனிசேதோ எதையும் யோசித்துச் செய்கிறவர்தான். இருந்தும் நவம்பரில் ஒரு திங்கட்கிழமை, வேலையிலிருந்து திரும்பி, ஒரு காலணியை மட்டும் கழற்றிவிட்டு, சமையலறையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது இறந்துபோனார். மாட்ரிடில் லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் வேலை. மற்றவர்களை மேலே அனுப்பிவைத்தே காலம் தள்ளியவர். டாக்டர் வந்து இதயம் என்றார். அம்மா பாதி உரித்த ஆரஞ்சைத் தட்டோடு எடுத்துக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்தாள்.

அடக்கம் புதன்கிழமை காலை பதினொன்றுக்கு என்றார் பாதிரியார். எங்கள் ஊரில் அடக்கம் எப்போதும் பதினொன்றுக்குத்தான். அந்த நேரத்தை முடிவு செய்த காலத்தில் ஊருக்கு ரயிலே கிடையாது.

செவ்வாய்க்கிழமை துக்க மண்டபத்தில், கண்ணாடிச் சுவருக்கு அந்தப்பக்கம் பெட்டியில் அப்பா, இந்தப்பக்கம் அம்மாவும் நானும். மண்டபத்துக்காரர் கோட்டுப் பித்தானைத் தடவிக்கொண்டே அருகில் வந்தார்.

"மாதா கோயில்லேர்ந்து கல்லறைக்கு நம்ம அமரர் ஊர்தியிலேயே போயிடலாம்மா. புது வண்டி. உள்ள ஹீட்டர்கூட இருக்கு."

"ஹீட்டர் யாருக்கு?" என்றாள் அம்மா.

அவர் கொஞ்சம் யோசித்து, "டிரைவருக்கு" என்றார்.

அவர் போனதும் அம்மா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "டேய் ஃபெர்மின், அவரு சக்கரத்துல போகக் கூடாது. ஆயுசு பூரா சக்கரத்துலதான்டா போனாரு. ஒரே ஒரு தடவை பகல் வெளிச்சத்துல, பெரிய தெருவுல, ஆளுங்க தோள்ல போகட்டும். எங்கப்பா அப்படித்தான் போனாரு. எங்க சித்தப்பன், குடிகாரப் பய, அவனே அப்படித்தான் போனான்."

"சரிம்மா."

"சரின்னா? எட்டுப் பேரு வேணும்."

"சரிம்மா."

"உன் காலேஜ் பசங்களைக் கூட்டிட்டு வந்துடாதே. சிரிச்சுத் தொலைப்பானுங்க."

மொந்தால்வாவில் பிணம் தூக்குவது ஆன்மாக்கள் சபையின் உரிமை. சபை ராணியைவிடப் பழையது. ஊதா அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு, ஒரே உயரமுள்ள எட்டுப் பேர் கோயிலிலிருந்து பெரிய தெரு வழியாகக் கல்லறைத் தோட்டம் வரை தூக்கிப்போவார்கள். கூலி கிடையாது. விதி ஒன்றுதான்: தூக்கினவனைத் தூக்குவார்கள். அப்பா கல்யாணமான வருஷமே சபையில் சேர்ந்துவிட்டார். அவர் பதாஹோஸ் பக்கத்திலிருந்து வந்தவர், அம்மாதான் உள்ளூர். ஊரில் ஒட்டிக்கொள்ள இதுதான் வழி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பதினொரு மணிக்கு இங்கே யாராவது புதைக்கப்படும்போது அவர் மாட்ரிடில் ஏதாவது ஒரு லிஃப்டுக்கு அடியில் படுத்திருப்பார். ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. ஊர் அவரை ஸ்டேஷன்காரர் என்றது. ஸ்டேஷன் பாதையில் தவிர வேறெங்கும் அவரைப் பார்த்தவர்கள் குறைவு.

சபைத் தலைவர் தோன் லியாந்த்ரோ சதுக்கத்துக் காப்பிக்கடையில் டொமினோ ஆடிக்கொண்டிருந்தார். எண்பத்தொரு வயது. முன்னாள் மருந்துக்கடைக்காரர், அதனால் ஊரில் பாதிப்பேரின் மூலநோய் அவருக்குத் தெரியும், மரியாதையாகத்தான் பேசவேண்டும்.

"அப்பா சமாசாரம் கேள்விப்பட்டேன்டா. நல்ல மனுசன். நான் பார்த்ததில்ல, ஆனா நல்ல மனுசன்."

"எட்டுப் பேர் வேணும் ஐயா."

அவர் ஆட்டக்காயைக் கீழே வைத்தார். "உங்கப்பன் யாரைத் தூக்கினான்?"

"வேலை இருந்துச்சு."

"அதைத்தான் நானும் சொல்றேன். விதின்னு ஒண்ணு இருக்கு."

எதிரில் இருந்த செவேரோ தாத்தா பல்செட்டை அழுத்திக்கொண்டு, "விதியை விடு, லியாந்த்ரோ. ஆளு எங்கடா இருக்கு?" என்றார். "எனக்கு இடுப்பு மாத்தினாங்க. உனக்கு முழங்கால். பிளாஸ் பேஸ்மேக்கரோட நடக்கிறான், ஓவன் பக்கம் போனாலே நின்னுடுவான்னு பயம். இளவட்டம் எல்லாம் மாட்ரிட்ல. போன மாசம் நம்ம ஹொனோரியோவையே வண்டியிலதானே அனுப்பினோம்?"

தோன் லியாந்த்ரோவின் காது சிவந்தது. "ஆளு இல்ல, சரி. விதியாவது இருக்கட்டும்" என்றார். பிறகு குரலை இறக்கி, "வண்டியில ஹீட்டர் இருக்குடா" என்றார்.

மாலையில் ஸ்டேஷனுக்குப் போனேன். நான் கல்லூரிக்கு அதற்கு அடுத்த ரயிலில் போகிறவன். அப்பாவின் ரயிலை எனக்குத் தெரியாது. அவர் திரும்பும் வண்டி வந்து நின்றதும் ஜனங்கள் இறங்கி, யாரும் யாரையும் பார்க்காமல், டிக்கெட் தடுப்பைத் தாண்டினார்கள். குட்டையான ஒருவர் மட்டும் என் முன்னால் நின்று என் மூக்கையே பார்த்தார். காவலாளிச் சீருடை.

"நீ அனிசேதோ பையன்தானே? அதே மூக்கு. இன்னைக்குப் போகும்போதும் காணோம், வரும்போதும் காணோம். காய்ச்சலா?"

சொன்னேன். தூக்க எட்டுப் பேர் வேண்டும் என்பதையும் சொன்னேன். அவர் பெயர் காஸ்தோ. மாட்ரிடில் ஒரு கட்டடத்தின் வாசலில் நிற்பவர். பின்னால் போய்க்கொண்டிருந்த ஆட்களைக் கைதட்டிக் கூப்பிட்டார். "ஏய், மூணாம் பெட்டி! நில்லுங்கய்யா."

ரயிலின் மூன்றாம் பெட்டியில் அப்பாவோடு தினமும் போகிற ஆறு பேர் நின்றார்கள். ஒருவன் மதாலின் என்ற ருமேனியாக்காரன், கொத்து வேலை. ஒருவர் கண்ணாடிக்கடை. மற்றவர்கள் என்னவென்று கேட்க நேரமில்லை. எல்லோரும் எங்கள் ஊர்தான். ஒருவரையும் நான் ஊரில் பார்த்ததில்லை.

"எட்டுப் பேராம்" என்றார் காஸ்தோ. "நாளைக்குக் காலையில. யாருக்கு லீவு கிடைக்கும்?"

"செத்தவரு சொந்தமா இருந்தாத்தான் கொடுப்பான் எங்க மேனேஜர்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"அப்ப சொந்தம்னு சொல்லு. நான் எங்க பாட்டியையே ரெண்டு தடவை சாகடிச்சிருக்கேன். இப்பத்தான் முதல்முறையா நிஜ சாவு கிடைச்சிருக்கு."

"என்ன சொந்தம்?"

"மச்சான்னு சொல்லு. யாரும் குடைஞ்சு கேக்க மாட்டாங்க."

மதாலின் கையைத் தூக்கினான். "நானும் மச்சானா? நம்புவாங்களா?"

"உங்க ஊர்ல பொண்ணு எடுத்தாருன்னு சொல்லுடா."

இவ்வாறாக அம்மாவுக்குத் தெரியாமல் அவளுக்கு ஏழு சகோதரர்கள் கிடைத்தார்கள், ஒருவர் கார்பேத்திய மலையிலிருந்து. எட்டாவது ஆள் நான்.

புதன்கிழமை பூசை முடிந்து பெட்டியைத் தூக்கும்போதுதான் பிரச்சினை தெரிந்தது. மூன்றாம் பெட்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் வருஷக்கணக்காக உட்கார்ந்த நிலையில்தான் பார்த்திருக்கிறார்கள். யார் எவ்வளவு உயரம் என்று யாருக்கும் தெரியாது. மதாலின் எழுந்து நின்றால் கோயில் விளக்கு இடிக்கிறது. காஸ்தோ அவன் அக்குள் வரை இருக்கிறார். சவப்பெட்டி வடகிழக்கில் தூக்கித் தென்மேற்கில் தாழ்ந்தது. காஸ்தோ தொப்பியை மடித்துத் தோளில் வைத்தார். பிறகு வழிபாட்டுப் புத்தகம் ஒன்றையும் வைத்தார். மதாலின் முழங்காலை மடித்து, பாவம், அப்படியே நடந்தான்.

"நீ உட்கார்ந்திருந்தப்ப இவ்ளோ பெரியவனா தெரியலையேடா" என்றார் காஸ்தோ.

"நீங்க உட்கார்ந்திருந்தப்ப பெரியவரா தெரிஞ்சீங்க" என்றான் மதாலின்.

வெளியே வந்தோம். வெயில் நன்றாக இருந்தது. முன்னால் சிலுவையோடு பாதிரியாரும் கோயில் பிள்ளையும். பின்னால் அம்மா, ரொட்டிக்கடையில் அவளோடு வேலைபார்க்கும் பெண்கள், சாவுக்கு வருவதையே வேலையாகக் கொண்ட கிழவிகள், எல்லோருக்கும் பின்னால் தாங்காமல் வந்துவிட்ட தோன் லியாந்த்ரோ, கைத்தடியோடு. பெரிய தெருவின் தூண் வரிசைக்கு அடியில் ஆட்கள் எழுந்து நின்றார்கள். மருந்துக்கடையில் ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். "யாரு?" என்று ஒருவர் கேட்பதும், "அம்பாரோ புருஷன்" என்று இன்னொருவர் அம்மாவின் பெயரைச் சொல்வதும் கேட்டது. ஸ்டேஷன்காரர் என்று யாரும் சொல்லவில்லை. அம்மாவுக்கு அது கேட்டிருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். திரும்பிப் பார்க்க முடியவில்லை.

பெட்டி தோளில் இருந்தால் ஒரு பக்கம் மரம், மறுபக்கம் உலகம். கீழே கால் மட்டும் தெரியும். யாரும் பழக்கமில்லாதவர்கள், கல் பாவிய தெரு, அதனால் எட்டுப் பேரும் தலையைக் குனிந்து காலையே பார்த்தோம். ஒன்று, இரண்டு என்று யாரோ முணுமுணுத்தார்கள். தெரு முடிவில் நீரூற்று. அங்கே பாதை பிரிகிறது. இடப்பக்கம் மேடு, கல்லறைக்கு. வலப்பக்கம் சரிவு.

நீரூற்றின் சத்தம் கேட்டதும் எட்டு ஜோடிக் கால்களும் வலப்பக்கம் திரும்பின.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பியது தெரிந்தால்தானே சொல்ல. தினமும் இருட்டில், பாதித் தூக்கத்தில், அந்தச் சத்தம் கேட்டால் வலப்பக்கம் திரும்புகிற கால்கள். என்னுடையவையும்தான். சரிவில் நடை சுலபமாக வந்தது. காஸ்தோ, "பழகிடுச்சுப்பா" என்றுகூடச் சொன்னார். வேகம் கொஞ்சம் கூடியது. மூன்றாம் பெட்டிக்காரர்களுக்கு அந்தச் சரிவில் மெதுவாக நடந்து வழக்கமில்லை.

நான் தலை தூக்கியபோது எதிரில் டிக்கெட் தடுப்பு இருந்தது.

"ஐயோ" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

மதாலின் அவன் பாஷையில் எதையோ சொல்லிச் சிலுவைக்குறி போட ஒரு கையை எடுத்தான், பெட்டி ஆடியது, "கையை எடுக்காதேடா!" என்று ஏழு பேர் கத்தினோம். மேலே, மேட்டுப் பாதையில், பாதிரியாரும் கோயில் பிள்ளையும் சிலுவையோடு தனியாகக் கல்லறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. பாதிரியார் பாடிக்கொண்டிருந்திருப்பார். அவருக்குக் கொஞ்சம் காது மந்தம்.

ஸ்டேஷன் காப்பிக்கடைக்காரி நான்கு நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். பெட்டியை அதன்மேல் இறக்கினோம். யாரும் அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. காஸ்தோ தொப்பியைக் கசக்கிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றார்.

"அம்மா, மன்னிச்சிடுங்க. கால் தானா வந்துடுச்சு."

"தெரியும்" என்றாள் அம்மா.

"ம்மா," என்றேன், "உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"நீரூற்றுகிட்டயே."

"சொல்லியிருக்கலாமே!"

அம்மா தடுப்பையும், அதற்கப்பால் நடைமேடையையும், அங்கே ஒழுகும் தகரக் கூரையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "எனக்கு விடியறதுக்கு முன்னாடியே கடை. ஒரு நாள்கூட இந்த வழியா அவரோட வந்ததில்லடா" என்றாள். "எப்படித்தான் போவாருன்னு பார்ப்போமேன்னு இருந்துச்சு."

காப்பிக்கடைக்காரி ஐந்தாவது நாற்காலியைக் கொண்டுவந்தாள். அம்மா பெட்டியருகில் உட்கார்ந்தாள். அப்போது ரயில் வந்தது. மாட்ரிட் போகும் வண்டி. இறங்கினவர்கள் தடுப்பைத் தாண்டி வந்து, பெட்டியைக் கண்டு, தொப்பி இருந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். சூட்கேஸ் வைத்திருந்த ஒரு வெளியூர்க்காரன் என்னிடம் மெதுவாக, "வண்டி ரொம்ப லேட்டா?" என்று கேட்டான். நான் இல்லை என்றேன். கதவுகள் திறந்தே இருந்தன. விசில் ஊதும்வரை அம்மாவின் கை பெட்டி மூடிமேல் அழுத்தமாக இருந்தது. பிள்ளைகளை ரோட்டோரம் நிறுத்திவைக்கும்போது பிடிப்போமே, அப்படி. கதவு மூடியது. வண்டி போனது. கையைத் தளர்த்தினாள்.

அந்த நேரத்தில்தான் தோன் லியாந்த்ரோ வந்து சேர்ந்தார். சரிவு அவர் முழங்காலைக் கொன்றிருந்தது.

"முன்னூத்தம்பது வருஷம்!" என்றார். மூச்சு வாங்கியது. "முன்னூத்தம்பது வருஷமா சபை பிணம் தூக்குது. போரு, கொள்ளைநோய், எல்லாம் பார்த்தாச்சு. ஒரே ஒரு தடவை வழி தப்பினதில்ல!"

"நீங்க எங்கயும் போனதில்லயே, தோன் லியாந்த்ரோ" என்றாள் அம்மா. "எப்படித் தப்பும்?"

அவர் அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி கேட்டார்.

திரும்பி ஏறுவது வேறு கதை. இறங்கும்போது அப்பா ஒத்துழைத்தார், ஏறும்போது கனத்தார். பத்தடிக்கு ஒருமுறை நின்றோம். காஸ்தோவின் தோள் அழுந்திச் சட்டையில் லேசாக ரத்தம் கசிந்தது. இடம் மாற்றிக்கொள்ளச் சொன்னேன். "அக்கா முன்னாடி வழியைத் தப்பவிட்டது நான்தான், தம்பி. பேசாம நட" என்றார். அமரர் ஊர்தி, யாரும் கூப்பிடாமல், நீரூற்றருகே வந்து இயந்திரத்தை அணைக்காமல் காத்திருந்தது. டிரைவர் உள்ளே கதகதப்பாக இருந்தான். ஒருவரும் அந்தப்பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏறியிருப்போம். மேட்டுப் பாதையின் பாதியில் அம்மாவே வந்து எனக்கும் காஸ்தோவுக்கும் நடுவில் தோளைக் கொடுக்கப் பார்த்தாள். உயரம் எட்டவில்லை. கையை நீட்டி அடிப்பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நடந்தாள். அதில் எடை ஒன்றும் குறையவில்லை என்று சொல்லவேண்டியது என் கடமை.

கல்லறையை அடைந்தபோது பாதிரியார் அடுத்த ஊர்ப் பூசைக்குக் கிளம்பத் தயாராக நின்றார். அவசரமாக ஜெபித்து, தண்ணீர் தெளித்து, காரில் ஏறினார். சுவரில் மாடம்போல் கட்டிய கல்லறையை மூடவேண்டிய கொத்தனார் பசி பொறுக்காமல் சாப்பிடப் போயிருந்தார். ஸ்பெயினில் சாப்பிடப் போனவரைக் கடவுளும் கூப்பிட மாட்டார். கிழவிகள் வீட்டுக்குப் போனார்கள். தோன் லியாந்த்ரோ நீரூற்றருகிலேயே அமரர் ஊர்தியில் ஏறி வீட்டுக்குப் போயிருந்தார், ஹீட்டர் வீணாகவில்லை.

திறந்திருந்த மாடத்துக்கு எதிரே, ஒரு மேடையில் பெட்டியை வைத்தோம். ஆட்கள் வெயில்பட்ட சுவரில் சாய்ந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். அம்மா காஸ்தோவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் வெகுநேரமாக ஏதோ கேட்கத் தயாராகிக்கொண்டிருந்தாள் என்று எனக்குப் புரிந்தது.

"வீட்டுல அவரு அதிகம் பேச மாட்டாரு" என்றாள். "அவரு சுபாவம்னு விட்டுடுவேன். ரயில்ல உங்ககூட என்ன பேசுவாரு?"

காஸ்தோ தலையைச் சொறிந்தார். பொய் சொல்லலாமா என்று அவர் யோசிப்பது நன்றாகவே தெரிந்தது. பாட்டியை இரண்டு தடவை சாகடித்தவருக்கு அம்மாவிடம் அது முடியவில்லை.

"ஒண்ணும் பேச மாட்டாருக்கா. தூங்குவாரு. ஜன்னல்ல தலையைச் சாய்ச்சு. நாங்க எல்லாருமே அப்படித்தான்."

"ஓ" என்றாள் அம்மா.

"ஆனா ஒண்ணு. மொந்தால்வாவுக்கு முந்தின ஸ்டேஷன் வந்ததும் யாரும் எழுப்பாமலே எழுந்துக்குவாரு. முகத்தைத் துடைப்பாரு. பையிலேர்ந்து சீப்பை எடுத்துத் தலை வாரிக்குவாரு, ஜன்னல் கண்ணாடியைப் பார்த்து. தினமும். நாங்க கிண்டல் பண்ணுவோம், யாருடா பார்க்கப்போறாங்கன்னு."

அம்மா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள்.

"வீட்டுக்குள்ள வரும்போது தலை எப்பவும் வாரித்தான் இருக்கும்" என்றாள். "வேலை ஒண்ணும் அவ்ளோ கஷ்டமில்ல போலன்னு நினைச்சேன். அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தேன், இத்தனை வருஷமா."

காஸ்தோ கண்ணை மூடிக்கொண்டார். விடியலுக்கு முன் எழுந்தே பழகிய உடம்பு, மேட்டுப் பாதை, சுவரின் சூடு. கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே தூங்கிவிட்டார். மதாலின் ஏற்கெனவே தூங்கியிருந்தான். அவன் தலை கண்ணாடிக்கடைக்காரர் தோளில் இருந்தது, அவர் தலை அடுத்தவர் தோளில். ஒருவருமே குறட்டை விடவில்லை. பொது இடத்தில் தூங்கத் தெரிந்தவர்கள்.

கொத்தனார் பல் குத்திக்கொண்டே வந்தார். பெட்டியைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார்.

"என்னப்பா, இவங்க எல்லாருமேவா?" என்று என்னிடம் கேட்டார்.

அம்மா பெட்டியைக் காட்டினாள். அவர் சட்டியில் சாந்துப் பொடியைக் கொட்டினார். பெட்டியை மாடத்துக்குள் தள்ள ஆள் வேண்டும் என்பதால் நான் காஸ்தோவின் தோளைத் தொடப்போனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எழுப்பாதேடா."

"வேலை கிடக்கேம்மா," என்றார் கொத்தனார். "அடுத்து வேற இடத்துக்கும் போகணும்."

"கொஞ்ச நேரம்" என்றாள் அம்மா. "எழுப்பினா எல்லாரும் போயிடுவாங்க."

கொத்தனார் தண்ணீர் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சாந்தில் தண்ணீரை ஊற்றிவிட்டால் பிறகு நிறுத்த முடியாது. அவர் ஊற்றவில்லை.